ஐந்தாம் வாரத்தில் அடங்கிப்போன எலும்பு மஜ்ஜை: ரிபாவிரினும் அசாதயோபிரினும் ஒன்றுசேர்ந்த ஒரு நிகழ்வு

நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இண்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்துச் சிகிச்சை செய்த காலத்தில், இரத்த அணுக்கள் குறைவது எங்களுக்குப் புதிய செய்தியாக இருந்ததில்லை. ஹீமோகுளோபின் இறங்கும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்கள் குறையும், தட்டணுக்கள் சரியும்; அளவைக் குறைப்போம், மறுவாரம் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். இந்தப் பழக்கமே ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்தாக முடிய இருந்ததை இங்கே பதிவு செய்கிறேன். எதிர்பார்த்த பக்கவிளைவு ஒன்று, எதிர்பாராத இன்னொன்றை ஐந்து வாரங்கள் எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. நோயாளியின் ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

நோயாளியும் சிகிச்சையும்

அவர் 41 வயது ஆண். எடை 58 கிலோ. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் 1989-இல்தான் இனங்காணப்பட்டது. அதற்கு முன் ஏற்றப்பட்ட இரத்தத்தை அதற்காகச் சோதிக்க வழியே இல்லை. சிறுவயதில் ஒரு விபத்துக்குப் பின் நடந்த அறுவை சிகிச்சையில் அவருக்கு ஏற்றப்பட்ட இரத்தமே தொற்றின் வழியாக இருந்திருக்க வேண்டும் என்று கருதினோம். வைரஸ் மரபணு வகை 3. கல்லீரல் திசுச் சோதனையில் மிதமான நார்த்திசுப் பெருக்கம் தெரிந்தது. கல்லீரல் இறுக்கநோய் இல்லை. ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. இரண்டும் இல்லை, தைராய்டு சோதனைகள் இயல்பு.

அவருக்குப் பெருங்குடல் புண் அழற்சியும் இருந்தது. அதற்காக ஆறு ஆண்டுகளாக, நோயெதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் எடுத்துவந்தார். குடல் அமைதியாக இருந்தது. ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அணுக்களின் எண்ணிக்கை குறையவில்லை. இந்த மருந்தைச் சிதைக்கும் டி.பி.எம்.டி. நொதியின் செயல்பாடு இயல்பானது என்று பழைய அறிக்கை ஒன்று சொன்னது. இவை அனைத்தும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை. நாங்களும் படிக்காமல் விடவில்லை. படித்தோம், ஆனால் அது குடல் மருத்துவரின் மருந்து என்று மனத்தில் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

சொஃபோஸ்புவிர் போன்ற நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் வருவதற்கு முந்தைய காலம் அது. வகை 3-க்கு அப்போது வழக்கத்தில் இருந்தபடி, பெகிலேட்டட் இண்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ வாரம் ஒருமுறை 180 மைக்ரோகிராமும், ரிபாவிரின் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் 24 வாரங்களுக்கு எனத் தொடங்கினோம். தொடக்கத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 13.6 கிராம், வெள்ளையணுக்கள் 5,400, அவற்றில் நியூட்ரோஃபில்கள் 3,200, தட்டணுக்கள் 1,88,000. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 98 ஃபெம்டோலிட்டர். அசாதயோபிரின் எடுப்பவர்களிடம் இது சற்று உயர்ந்திருப்பது வழக்கம்.

இரண்டாம் வார முடிவில் ஹீமோகுளோபின் 12.1, நியூட்ரோஃபில்கள் 2,000, தட்டணுக்கள் 1,45,000. நான்காம் வார முடிவில் 10.4, 1,050, 92,000. அதே வாரம் எடுத்த வைரஸ் அளவீட்டில் வைரஸ் தென்படவே இல்லை. அந்த அறிக்கை வந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான்காவது வாரத்திலேயே வைரஸ் மறைந்தால் நோய் முழுமையாகக் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், மருந்தை எப்படியாவது நிறுத்தாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ரிபாவிரினைக் குறைக்க ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போக வேண்டும், இண்டர்ஃபெரானைக் குறைக்க நியூட்ரோஃபில்கள் 750-க்கும் தட்டணுக்கள் 50,000-க்கும் கீழே போக வேண்டும் என்பதே விதி. மூன்று எண்களும் விதியின் எல்லைக்குள் இருந்தன. எல்லைக்குள் இருந்தன என்பதை மட்டுமே பார்த்தோம். மூன்றும் ஒரே சரிவில், ஒரே வேகத்தில், எங்கும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. மஜ்ஜை புதிதாக வெளியிடும் இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளின் எண்ணிக்கை அன்று கேட்கப்படவில்லை. இந்த நிகழ்வில் என்னை இன்றுவரை உறுத்துவது அந்த ஒரு வரிதான்.

மருத்துவமனையில்

34-ஆம் நாள் அவர் காய்ச்சலோடு வந்தார். வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸ். மூன்று நாட்களாக வாய்ப்புண், விழுங்கும்போது வலி, படியேறினால் மூச்சுவாங்கல். இண்டர்ஃபெரான் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வருவது அவருக்குப் பழகிப்போயிருந்ததால், இதுவும் அதுதான் என்று முதல் இரண்டு நாட்கள் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார். கணுக்கால்களிலும் முன்கால்களிலும் ஊசிமுனை அளவிலான இரத்தப் புள்ளிகள் இருந்தன. மண்ணீரல் பெருக்கமில்லை, நெறிகட்டு இல்லை, மஞ்சள்காமாலை இல்லை.

ஹீமோகுளோபின் 6.4. வெள்ளையணுக்கள் 900, நியூட்ரோஃபில்கள் 180. தட்டணுக்கள் 14,000. ரெட்டிகுலோசைட்டுகள் 0.2 சதவீதம்.

இரத்த வளர்சோதனைக்கு மாதிரி எடுத்ததும், ஒரு மணி நேரத்துக்குள் பைப்பராசிலின்-டாசோபாக்டம் தொடங்கப்பட்டது. இண்டர்ஃபெரானும் ரிபாவிரினும் அப்போதே நிறுத்தப்பட்டன. தட்டணுக்களும் இரண்டு அலகு சிவப்பணுக்களும் ஏற்றப்பட்டன. மூன்றாவது அலகு பின்னர் தேவைப்பட்டது. நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்ட ஃபில்கிராஸ்டிம் நாளொன்றுக்கு 300 மைக்ரோகிராம் கொடுக்கப்பட்டது.

காரணம் தேடுதல்

இந்தச் சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு அணுக்கள் குறைந்தால் நினைக்க வேண்டியவை பல. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தடத்தை விட்டுச்செல்லும் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ரிபாவிரினின் வழக்கமான இரத்தச்சோகை. சிவப்பணுவுக்குள் நுழையும் ரிபாவிரின் அங்கே பாஸ்பேட் ஏற்றப்பட்டு மூன்று பாஸ்பேட் கொண்ட வடிவமாக மாறுகிறது. மற்ற செல்களுக்கு அதைத் திரும்பப் பழைய வடிவத்துக்கு மாற்றும் நொதிகள் உண்டு; சிவப்பணுவுக்கு அவை இல்லை. ஆகவே மருந்து உள்ளேயே தேங்கி, அணுவின் ஆற்றல் இருப்பைக் கரைத்து, ஆக்சிஜனேற்றச் சேதத்தால் சவ்வைக் கெடுக்கிறது. கெட்ட அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து அழிக்கின்றன. சிவப்பணுவில் இந்த மருந்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 40 நாள். முதல் நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 2 முதல் 3 கிராம் வரை இறங்குவதும் அதன் பிறகு ஒரு தளத்தில் நிற்பதும் இதன் இயல்பு. அணு அழிவதால் ஏற்படும் சோகை என்பதால் மஜ்ஜை ஈடுகட்ட முயலும், ரெட்டிகுலோசைட்டுகள் உயரும். கூடவே இருக்கும் இண்டர்ஃபெரான் அந்த உயர்வை ஓரளவு மழுக்கும் என்பது உண்மை. ஆனாலும் மழுங்கிய உயர்வு வேறு, 0.2 சதவீதம் வேறு. அந்த எண் மஜ்ஜை முயலவே இல்லை என்கிறது.

அடுத்து, இண்டர்ஃபெரான் தூண்டும் தன்னெதிர்ப்பு நோய்கள். தட்டணுக்களை உடலே அழிக்கும் நோய் இந்தச் சிகிச்சையின்போது அரிதாகத் தோன்றுவதுண்டு. ஹெபடைட்டிஸ் சி தொற்றே தனியாகவும் அதைத் தூண்டக்கூடியது. அதில் தட்டணுக்கள் மட்டும், அதுவும் சில நாட்களில், திடீரென விழும். மற்ற இரு அணு வரிசைகளும், அதாவது சிவப்பணுவும் வெள்ளையணுவும், பெரும்பாலும் தப்பும். சிவப்பணுக்களுக்கு எதிரான தன்னெதிர்ப்பு அழிவில் கூம்ஸ் சோதனை காட்டிக்கொடுக்கும். எங்கள் நோயாளிக்கு அந்தச் சோதனை எதிர்மறை. சிவப்பணு உடைந்தால் குறையும் ஹாப்டோகுளோபின் குறையவில்லை, உயரும் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் இயல்பின் மேல் எல்லையில் நின்றது. நுண்குழாய்களில் இரத்தம் உறைந்து தட்டணுக்களை விழுங்கும் நோயும் இண்டர்ஃபெரானோடு தொடர்புபடுத்திப் பதிவாகியிருக்கிறது; அதைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் ஆபத்து என்பதால் கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சை (ஸ்மியர்) இருவர் தனித்தனியாகப் பார்த்தோம். உடைந்த துண்டு அணுக்கள் இல்லை. சிறுநீரகம் நன்றாக இயங்கியது. உறைதல் சோதனைகள் இயல்பு.

சிவப்பணு வரிசை மட்டும் மஜ்ஜையில் மறைந்துபோகும் நிலை இன்னொரு அரிய விளைவு. ரிபாவிரின் சோகைக்காக, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி போடப்பட்டவர்களிடம், அந்த ஊசிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உருவாகி இது நேரலாம். பார்வோவைரஸ் பி19 தொற்றாலும் நேரலாம். எங்கள் நோயாளிக்கு எரித்ரோபொய்ட்டின் கொடுக்கப்படவில்லை, பார்வோவைரஸும் இல்லை, தவிர மூன்று வரிசைகளும் சேர்ந்து விழுந்திருந்தன. சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ் சோதனைகள் எதிர்மறை. பி12-உம் ஃபோலேட்டும் போதுமான அளவில் இருந்தன. ஃபெரிட்டின் மிதமாக உயர்ந்திருந்தாலும், அணுக்களை அணுக்களே விழுங்கும் கொடிய அழற்சி நிலைக்கான மற்ற அடையாளங்கள் இல்லை.

இரண்டாம் நாள் இடுப்பெலும்பில் எடுத்த மஜ்ஜைச் சோதனையில் அணுச்செறிவு 10 முதல் 15 சதவீதமே இருந்தது, மீதி கொழுப்பு. மூன்று வரிசைகளும் குறைந்திருந்தன. புற்று அணுக்கள் இல்லை, நார் இல்லை. இண்டர்ஃபெரானால் ஏற்பட்ட மஜ்ஜை வறட்சி என்று எழுதினோம். இண்டர்ஃபெரானுக்கு அப்படி நேர்ந்த அரிய நிகழ்வுகள் உண்டு என்பதால் அந்த முடிவு அபத்தமானது அல்ல. நோயெதிர்ப்பை அடக்கும் தீவிரச் சிகிச்சை தேவைப்படுமா, உடன்பிறந்தவர்களின் திசுப்பொருத்தம் பார்க்க வேண்டுமா என்றுகூடப் பேச்சு தொடங்கியிருந்தது.

மூன்றாம் நாள் காலை, வார்டின் மருந்து அட்டவணையைச் சரிபார்த்த மருந்தாளுநர் ஒரு கேள்வி கேட்டார்: "அசாதயோபிரின் தொடர வேண்டுமா?" இரண்டு நாட்களாக அது கொடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. நியூட்ரோஃபில்கள் 180 உள்ள ஒருவருக்கு, மஜ்ஜையை அடக்கக்கூடிய மருந்தை, வீட்டில் எடுத்த மாத்திரைகளின் பட்டியலிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதிக் கொடுத்துவந்தோம். ஆறு ஆண்டுகளாக ஒன்றும் செய்யாத மருந்து என்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அந்த நிமிடமே அது நிறுத்தப்பட்டது. அந்த மருந்தாளுநருக்கு நான் பட்ட கடன் பெரிது.

இரண்டு மருந்துகள் சந்திக்கும் இடம்

அசாதயோபிரின் உடலில் மெர்காப்டோபியூரினாக மாறி, பின் தயோ-ஐனோசின் மோனோபாஸ்பேட் என்ற இடைநிலைப் பொருளாகிறது. அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, ஐனோசின் மோனோபாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி வழியாகச் சென்று தயோகுவனின் நியூக்ளியோடைடுகளாக முடிவது; குடல் அழற்சியை அடக்கும் பலன் இவற்றால்தான். மற்றது, டி.பி.எம்.டி. நொதி அந்த இடைநிலைப் பொருளுக்கு மெத்தில் தொகுதி ஒன்றைச் சேர்ப்பது. இப்படி மெத்தில் ஏற்றப்பட்ட பொருள், டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருளான பியூரினைச் செல்கள் புதிதாக உருவாக்கும் பாதையின் தொடக்கத்தையே அடைத்துவிடும். இடைவிடாமல் பிரிந்து பெருகும் மஜ்ஜை செல்களுக்குப் பியூரின் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

ரிபாவிரின் தடுப்பது அந்த முதல் வழியின் நொதியைத்தான். அது ரிபாவிரினின் அறியப்பட்ட செயல்களில் ஒன்று; வைரஸுக்கு எதிரான அதன் விளைவில் ஒரு பங்கும் இதற்கு உண்டு என்று கருதப்படுகிறது. முதல் வழி அடைபட்டதும், தேங்கும் இடைநிலைப் பொருள் முழுவதும் இரண்டாம் வழியில் பாய்கிறது. பலன் தரும் பொருள் குறைகிறது. நச்சாகும் பொருள் பெருகுகிறது.

இதில் எங்களைப் போன்றவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்த ஒன்று உண்டு. டி.பி.எம்.டி. இயல்பாக இருந்தால் அசாதயோபிரின் பாதுகாப்பானது என்பது பொதுவாகச் சரியே. அந்த நொதி குறைந்தவர்களிடம் தயோகுவனின் பொருள்கள் குவிந்து மஜ்ஜை பாதிக்கப்படும். ஆனால் ரிபாவிரின் சேரும்போது கணக்கு தலைகீழாகிறது. இங்கே நச்சுப் பொருளை உருவாக்குவதே டி.பி.எம்.டி. நொதிதான்; அது நன்றாக வேலை செய்தால் நச்சும் நன்றாகவே உருவாகும். பழைய அறிக்கையில் இயல்பு என்றிருந்த சொல் எங்களுக்குக் கொடுத்த நிம்மதிக்கு இந்தச் சூழலில் எந்த ஆதாரமும் இல்லை. யூரிக் அமிலத்துக்காகக் கொடுக்கப்படும் அலோபியூரினால் என்ற மருந்தும் அசாதயோபிரினோடு சேர்ந்து மஜ்ஜையை அடக்கும். ஆனால் அது வேறொரு நொதியைத் தடுத்து, தயோகுவனின் பக்கத்தைப் பெருக்கி அதைச் செய்கிறது. விளைவு ஒன்றாகத் தெரிந்தாலும் வழி நேரெதிர்.

இது ஊகமா, நடந்ததா என்று சோதிக்க வளர்சிதைப் பொருள்களின் அளவு தேவைப்பட்டது. அவை சிவப்பணுக்களில்தான் அளக்கப்படுகின்றன. நாங்களோ ஏற்கெனவே வேறொருவரின் சிவப்பணுக்களை ஏற்றிவிட்டிருந்தோம். மூன்றாம் நாள் மாதிரியை அளந்தால் பாதி அடுத்தவரின் இரத்தமாக இருக்கும். நல்லவேளையாக, சேர்க்கையின்போது எடுத்த முதல் மாதிரி ஆய்வகக் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதில் தயோகுவனின் நியூக்ளியோடைடுகள் 80 கோடி சிவப்பணுக்களுக்கு 95 பிகோமோல். பலன் தரும் அளவாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 235 முதல் 450 வரை. மெத்தில் ஏற்றப்பட்ட பொருள்கள் 11,800. கல்லீரல் நச்சுக்கு எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்படும் 5,700-ஐப் போல இரு மடங்கு. ஆறு ஆண்டுகள் நன்கு அடங்கிய குடலும் 95 என்ற எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வழி மாறியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைத்திருக்காது.

இந்த இணைப்பின் கால அளவும் பொருந்தியது. பெகிலேட்டட் இண்டர்ஃபெரானும் ரிபாவிரினும் அசாதயோபிரினும் சேர்ந்து கொடுக்கப்பட்டபின் 3 முதல் 7 வாரங்களுக்குள் எல்லா அணுக்களும் குறைந்த நிகழ்வுகளும், மருந்துகளை நிறுத்தியபின் 4 முதல் 6 வாரங்களில் அவை மீண்டதும் ரிபாவிரினின் மருந்துக் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கையாக இடம்பெற்றிருக்கின்றன. அதாவது, அச்சிட்டு வைத்திருந்த எச்சரிக்கை அது.

ரிபாவிரினை நிறுத்தியதோடு இந்தச் சிக்கல் நின்றுவிடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தொடர்ந்து எடுத்தவர்களின் பிளாஸ்மாவில் ரிபாவிரினின் அரைவாழ்வு ஏறத்தாழ 12 நாள். ஆகவே அது நிறுத்தப்பட்ட பிறகும் வாரக்கணக்கில் அந்த நொதி தடைபட்டே இருக்கும். அந்த நாட்களில் கொடுக்கும் ஒவ்வோர் அசாதயோபிரின் மாத்திரையும் நச்சு வழியிலேயே செல்லும். முதல் இரண்டு நாட்களில் நாங்கள் கொடுத்த இரண்டு மாத்திரைகள் பெரிய சேதம் செய்தனவா என்று அளக்க வழியில்லை. மருந்தாளுநர் கேட்காமல் இருந்திருந்தால் அவை இருபதாகியிருக்கும்.

மீட்சி

இரத்த வளர்சோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது. அதன் பிறகு காத்திருப்புதான். தினமும் காலையில் வரும் நியூட்ரோஃபில் எண்ணை அவர் எங்களுக்கு முன்பே செவிலியரிடம் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்தார்: 150, 160, 140, 190. எட்டாம் நாள் ஒருமுறை, "இது ஏறுமா, டாக்டர்?" என்றார். ஏறும் என்று நம்புவதற்கு எங்களிடம் காரணம் இருந்தது. எப்போது என்று சொல்ல முடியவில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

நியூட்ரோஃபில்கள் 13-ஆம் நாள் 500-ஐயும் 17-ஆம் நாள் 1,000-ஐயும் தாண்டின, ஃபில்கிராஸ்டிம் நிறுத்தப்பட்டது. 12-ஆம் நாளுக்குப் பின் தட்டணுக்கள் ஏற்றத் தேவைப்படவில்லை. 21-ஆம் நாள் அவை 50,000-க்கு மேல். 14-ஆம் நாள் ரெட்டிகுலோசைட்டுகள் 2.1 சதவீதமாக உயர்ந்தன. ஆறாம் வார முடிவில் ஹீமோகுளோபின் 11.8, தட்டணுக்கள் 1,60,000. நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையும் மஜ்ஜை மாற்றுப் பேச்சும் தேவையற்றுப்போயின. மருந்துகளை நிறுத்தியதைத் தவிர மஜ்ஜைக்காக நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

மறுசிகிச்சை பற்றிய விவாதம்

வைரஸ் திரும்பிவந்தது. பத்தாம் வாரத்தில் அளவீடு மீண்டும் நேர்மறை. எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. இனி இண்டர்ஃபெரானையும் ரிபாவிரினையும் தொடவே கூடாது என்பது ஒரு தரப்பு. நியூட்ரோஃபில்கள் 180-ஐப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் இயல்பானது. ஆனால் சந்திப்பு நடக்க ரிபாவிரின், அசாதயோபிரின் இரண்டும் வேண்டும் என்பது என் வாதம்: அசாதயோபிரின் இல்லாவிட்டால் ரிபாவிரின் திருப்பிவிட அங்கே எதுவும் இல்லை. முன்பு பதிவான நிகழ்வுகளிலும், இரண்டில் ஒன்றை மட்டும் மீண்டும் தொடங்கியவர்களுக்கு அணுக்குறைவு திரும்பவில்லை. நோயாளியிடம் இரு தரப்பையும் எடுத்துச்சொன்னோம். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சிகிச்சையை மீண்டும் ஏற்க முன்வந்தார்.

குடலுக்கு அழற்சியைத் தணிக்கும் மெசலசீன் மட்டும் கொடுக்கப்பட்டது. இண்டர்ஃபெரானைத் தனியாக இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தோம். பின் ரிபாவிரின் 400 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து 800. வாரந்தோறும் அணு எண்ணிக்கை, ஒவ்வொரு முறையும் ரெட்டிகுலோசைட்டுகளோடு. ரிபாவிரின் முழு அளவை எட்டியபின் நான்காம் வாரத்தில் ஹீமோகுளோபின் 10.6 வரை இறங்கியது. அன்று ரெட்டிகுலோசைட்டுகள் 4.8 சதவீதம். அதே மருந்து, அதே மனிதர், ஏறத்தாழ அதே ஹீமோகுளோபின். ஆனால் இம்முறை மஜ்ஜை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நியூட்ரோஃபில்கள் 1,100-க்குக் கீழும் தட்டணுக்கள் 1,05,000-க்குக் கீழும் போகவில்லை. 24 வாரங்கள் நிறைவடைந்தன. முடிந்து 24 வாரங்களுக்குப் பின் எடுத்த அளவீட்டிலும் வைரஸ் இல்லை.

இந்த முடிவின் வலுவும் வரம்பும்

மருந்துப் பக்கவிளைவின் காரணத்தை மதிப்பிட 1981-இல் வெளியான நரன்ஹோ அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது ஒரு மருந்தை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பது. இரு மருந்துகளின் சந்திப்பை எடைபோட அதற்கு ஏற்பாடு இல்லை. எங்கள் நிகழ்விலும் அதன்படி கணக்கிட்டால் இண்டர்ஃபெரானுக்கும் ரிபாவிரினுக்கும் குழப்பமான மதிப்பெண்களே வருகின்றன. மருந்துகளின் இடைவினைக்கென்றே 2007-இல் முன்மொழியப்பட்ட அளவுகோலின் கேள்விகள் இங்கே பொருந்துகின்றன: அறியப்பட்ட வேதி வழி உண்டா, கால இடைவெளி பொருந்துகிறதா, ஒன்றை விலக்கியதும் மீட்சி உண்டா, உடலில் அளக்கத்தக்க சான்று உண்டா. மூன்றாம் கேள்விக்கு மட்டும், எல்லா மருந்துகளும் நிறுத்தப்பட்டதால், நேரான விடை இல்லை; மற்ற மூன்றுக்கும் ஆம் என்றே விடை. மூன்றையும் மீண்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பது மட்டும் செய்யப்படவில்லை. அதை யாரும் செய்யவும் கூடாது.

குறைகளும் உண்டு. சிகிச்சை தொடங்குமுன் வளர்சிதைப் பொருள்களின் அளவு எடுக்கப்படவில்லை. ஆகவே அவர் முதலிலிருந்தே மெத்தில் வழிக்குச் சாய்ந்தவரா என்பதை உறுதியாக மறுக்க முடியாது. ஆறு ஆண்டுகளின் இயல்பான எண்ணிக்கையும் அடங்கிய குடலும் அப்படி இருந்திருக்காது என்பதை மட்டுமே காட்டுகின்றன. ஏற்றப்பட்ட இரத்தத்தால் பின்னாளைய ஒப்பீட்டு மாதிரிகளும் பயன்படவில்லை. இண்டர்ஃபெரானும் தன் பங்குக்கு மஜ்ஜையை அடக்கியே இருக்கும். அது இல்லாமல் ரிபாவிரினும் அசாதயோபிரினும் மட்டும் சேர்ந்திருந்தால் இவ்வளவு ஆழமாக விழுந்திருக்குமா என்பதை ஒரே நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது.

இண்டர்ஃபெரான் காலம் முடிந்துவிட்டதே, இது பழங்கதைதானே என்று கேட்கப்படலாம். ஹெபடைட்டிஸ் சி-யில் பெரும்பாலோருக்கு இன்று 8 அல்லது 12 வார மாத்திரைகள் போதும் என்பதும், சொஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் போன்றவை ரிபாவிரின் தடுக்கும் அந்த நொதியைத் தொடுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ரிபாவிரின் போய்விடவில்லை. கல்லீரல் செயலிழக்கத் தொடங்கிய ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு அந்த மாத்திரைகளோடு ரிபாவிரினும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கு நாள்பட்டதாகிவிடும் ஹெபடைட்டிஸ் இ-க்கு ரிபாவிரினே முதன்மை மருந்து. அவர்களில் ஒரு பகுதியினர்தான் அசாதயோபிரின் எடுப்பவர்கள். அசாதயோபிரினுக்குப் பதிலாக மைக்கோஃபினோலேட் எடுப்பவர்களும் கவனத்துக்குரியவர்களே, ஏனெனில் அந்த மருந்தும் தடுப்பது அதே நொதியைத்தான். தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சிக்காகவும் அசாதயோபிரின் நீண்டகாலம் தரப்படுகிறது. இரு மருந்துகளையும் எழுதுபவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் பிரிவில் ரிபாவிரின் தொடங்கும் படிவத்தில் இப்போது இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. ஒன்று, அசாதயோபிரின், மெர்காப்டோபியூரின், மைக்கோஃபினோலேட் ஆகியவற்றின் பெயரைச் சொல்லித் தனித்தனியாகக் கேட்பது. எடுப்பவராக இருந்தால் முதலில் குடல் அல்லது மாற்றுறுப்பு மருத்துவரோடு பேசி மாற்று வழி முடிவாகாமல் ரிபாவிரின் கொடுப்பதில்லை. மற்றது, ஹீமோகுளோபின் 2 கிராமுக்கு மேல் இறங்கினாலோ இரண்டு வரிசைகள் சேர்ந்து இறங்கினாலோ, எண்கள் எல்லைக்குள் இருந்தாலும், அன்றே ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை கேட்பது.

அவர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 14.1, நியூட்ரோஃபில்கள் 3,600, தட்டணுக்கள் 2,05,000. வைரஸ் இல்லை. குடல் மெசலசீனிலேயே அடங்கியிருப்பதால் அசாதயோபிரின் மீண்டும் தொடங்கப்படவில்லை. அவருடைய பணப்பையில் மூன்று மருந்துகளின் பெயரும், அவற்றைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்ற வரியும் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. முனை மடங்கிப்போனதால் சென்ற முறை புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன்.